முதல் எஞ்சினை ஏற்றாத ஞாயிறு

எஞ்சின் ஓடினால் என் மகள் தூங்கிவிடுவாள். படப்பை தாண்டி ஒரகடம் போகும் சாலையில், லாரி எடை மேடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை; எஞ்சின் அங்கேதான் ஓடும். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மதிலுக்கு இந்தப் பக்கம், வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பேன். அத்தனை தூரத்துக்குச் சத்தம் வெறும் ரீங்காரமாகத்தான் வரும். காதுக்கு ஏதாவது ஆகுமா என்று குழந்தை டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று இரண்டு தடவையும் சொன்னார். இருந்தாலும் குல்லாவைக் காது மறைய இழுத்துவிடுவேன்.

என் கணவரும் அவருடைய நண்பரும் கார் எஞ்சின் கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்க்கிறார்கள். நண்பருக்குத் திருநெல்வேலிப் பக்கம். லீவு நாட்களில் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன விமான எஞ்சின் செய்தார்கள். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் அங்கங்கே சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கோயம்புத்தூர்ப் பல் டாக்டர், எங்கள் முதல் எஞ்சினைக் கேட்டார். வெளிநாட்டு எஞ்சின் வாங்க அவரால் முடியும். புதிதாகச் செய்கிறவர்களிடம் யாராவது ஒருவர் முதலில் வாங்கினால்தானே அவர்கள் அடுத்ததைச் செய்வார்கள் என்றார். அதை மாட்டிக்கொண்டு பறக்கப்போவதும் அவர்தான்.

குழந்தை பிறக்கும்வரை நானும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவள். எங்கள் மூவருக்கும் ஒரே பழக்கம். டார்க் ரெஞ்சால் போல்ட்டை முடுக்கி, போதிய இறுக்கம் வந்து டிக் என்று கேட்டதும், போல்ட் தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோடு விழுந்த போல்ட்டை அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். கோடு விலகியிருந்தால்தான் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மரத்தாலான புரொப்பெல்லரை மாட்டியபோதும் அப்படித்தான் கோடு போட்டார்கள். அப்போது அடைமழைக் காலம்.

டாக்டர் எஞ்சினை ஏற்றிப்போக வரவேண்டிய ஞாயிறு, பங்குனி வெயில். குன்றத்தூர் வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டப் போனேன். மழையில் ஊதிப்போய், தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்த குளியலறைக் கதவு, விரல் பட்டதும் மெதுவாகத் தானே போய்ச் சாத்திக்கொண்டது. ஈரத் துண்டோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணவரோடு பைக்கில் கொட்டகைக்குப் போகும்போது சொல்ல நினைத்தேன். எனக்கு எதைக் கண்டாலும் பயம்தானே என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் முன்பே வந்திருந்தார். அவர் பார்க்க எஞ்சினை ஓட்டினார்கள். புரொப்பெல்லர் கரைந்து வெறும் வெளிச்சமாயிற்று. காய்ந்த வேப்பிலைகள் தரையை விட்டு எழுந்து, விழ மனமில்லாமல் மிதந்தன. சாலையில் கம்பெனி பஸ் ஒன்று போனதுகூட அந்த ரீங்காரத்தில் கேட்கவில்லை. பிறகு நிறுத்தினார்கள். மகளோடு கொட்டகைக்குள் போனேன். பிக்கப்பில் ஏற்ற நண்பர் சங்கிலியை எடுத்தார்.

"ஏங்க, புரொப்பெல்லர் போல்ட்ட இன்னொரு தடவ முடுக்கிப் பார்க்கலாமா?"

"மார்க் நேராத்தானே கீது," என்றார் என் கணவர். "இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு?"

"போல்ட் நகரல. அதுக்கடியில மரம் சுருங்கியிருந்தா?"

"மைனி ஞாயித்துக்கெழமையும் ஆடிட்டுக்கு வந்துட்டாவ," என்று நண்பர் சிரித்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "பாத்தறலாமுங்க. நானும் மஞ்சக் கோட்டப் பாத்துப்போட்டுச் சும்மா இருந்துட்டனுங்க."

கணவர் ரெஞ்சை வைத்தார். டிக் என்று கேட்கவில்லை. போல்ட் எளிதாகத் திரும்பியது. மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். மேலே பறக்கும்போது புரொப்பெல்லர் கழன்றால் என்ன ஆகும் என்று யாரும் பேசவில்லை.

எல்லாவற்றையும் முடுக்கி முடித்த கணவர், "இப்ப டைட்டு சார். ஏத்திடலாம்," என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மணி. ஏத்தட்டுங்களா?"

சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பதையே இன்னொருவரிடம் கேட்கிறவள் நான். கணவரின் முகத்தைப் பார்த்தேன். ஏற்று என்று சொல்லத்தான் அந்த முகம் கேட்டது.

"இன்னைக்கு வேணாம் சார். ஒரு வாரம் இந்த வெயில்லயே ஓடட்டும். மறுபடி முடுக்கிப் பார்த்து, நகரலன்னா கொண்டுபோங்க."

பிக்கப் காலியாகக் கோயம்புத்தூருக்குத் திரும்பியது.

"அந்தாளு திரும்பி வர்லன்னா இன்னா பண்றது?" என்று வழியில் கணவர் கேட்டார். எங்களை நம்பிய ஒரே ஆளையும் நானே துரத்திவிட்டேனோ என்று அந்த வாரம் முழுக்க இருந்தது. அவர் பறப்பதாகக் கனவு வந்தால் அதுவும் பயமாயிருந்தது.

அடுத்த ஞாயிறு அதே பிக்கப் வந்தது. டாக்டரோடு இன்னும் இருவர் இறங்கினார்கள். அவர்களும் விமானம் கட்டுகிறவர்கள். "வேண்டாம்னு சொல்ற ஆளுங்களப் பாக்கோணும்னாங்க," என்றார் டாக்டர். பாய் விரித்து, எஞ்சின் ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டார்கள். அவர்களுக்கும் தூக்கம் வந்துவிடும் போலிருந்தது.

எஞ்சின் ஆறியதும் கணவர் ரெஞ்சை வைத்தார். கைக்கு அசையாமல் உடனே டிக் என்றது. ஒவ்வொன்றும் அப்படியே.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வாரம் கேட்கலாமா என்றுதான் எனக்கு இருந்தது. தூங்கும் மகளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன்.

"ஏத்துங்க," என்றேன்.