பட்டிமன்றத்தில் நான் பேசிய கட்சி

கைதட்டல் கிடைக்குமென்றால் நான் எதையும் பேசுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் பட்டிமன்றம் உண்டு. யாருக்கு எந்தக் கட்சி என்பதை நடுவர் சீட்டுக் குலுக்கித் தருவார். மேடையில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டு, இறங்கியதும் ஒன்றாக வடை தின்போம். பேசியதை யாரும் மனத்தில் வைப்பதில்லை. இந்த முறை தலைப்பு அமெரிக்கச் செய்திகளிலிருந்து வந்தது: குடியுரிமைக்குப் பிறந்த மண் போதுமா, போதாதா? எனக்கு 'போதாது' விழுந்தது.

நான் பிறந்தது இதே ஊர் ஆஸ்பத்திரியில். ஈழத்து அகதிகளின் பிள்ளை என்பதால் ஜேர்மன்காரன் ஆகவில்லை. பதினாறு வயதுவரை வெளிநாட்டவர் அலுவலகத்தில் ரெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்குப் போய் அப்பாவோடு காத்திருந்தேன். வகுப்பே லண்டனுக்குச் சுற்றுலா போன வாரம், விசா இல்லாத நான் மட்டும் கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். அந்த அவமானம் இன்றும் எரிகிறது. அப்படிப்பட்ட நான்தான் 'போதாது' என்று பேசச் சம்மதித்தேன்.

விழுந்து விழுந்து படித்தேன். கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாதென்று அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் அரசியலமைப்பில் பதினான்காம் திருத்தத்தைச் சேர்த்தார்கள். விடுதலையான அடிமைகளின் பிள்ளைகளை இனி எந்த ஆட்சியும் 'நீ யார்' என்று கேட்கக்கூடாது என்பதற்காக, அங்கே பிறந்தவர்கள் அந்நாட்டுக் குடிமக்கள் என்று எழுதிவைத்தார்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மேடையில் அதையே திருப்பிப் போட்டேன்.

"அது அடிமையளின்ர பிள்ளையளுக்கு எழுதினது. பிளேனில வந்து இறங்கினவைக்கு இல்லை. ரிக்கெற் எடுத்தால் பாஸ்போட் இலவசமோ?"

மண்டபம் சிரித்து அதிர்ந்தது. தீர்ப்பும் எங்கள் பக்கம்.

விழாவைச் சங்கத்தார் நேரலையில் விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இருந்த என் சித்தியின் மகள் அதைப் பார்த்துவிட்டாள். அகதி வழக்கு முடியாத நிலையில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. தான் தோற்றாலும் பிள்ளைக்காவது ஒரு நாடு கிடைக்கும் என்பதுதான் அவளுக்கிருந்த ஒரே பிடி. அதையும் அந்நாட்டு அரசாங்கம் ஓர் உத்தரவால் பறிக்கப் பார்க்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். பட்டிமன்றம்தானே என்று பேசிவிட்டேன்.

மறுநாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணா, நல்லாக் கதைச்சனீங்கள்."

"அது சும்மா மேடைக்கு, தங்கச்சி. சீட்டில விழுந்தது."

"ஓம், விளங்குது. இஞ்ச கோர்ட்டில எங்களுக்கு எதிரா வாதாடுறவையும் அதைத்தான் சொல்லீனமாம், அடிமையளுக்கு எழுதினது எண்டு. அவை சொல்லட்டும். உங்கட மண்டபத்தில சிரிச்சவை எல்லாரும் எங்கட ஆக்கள், அண்ணா. அதுதான் எனக்கு நித்திரை வரேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றாள்.

அவளுக்கு மகள் பிறந்ததைச் சித்தி சொல்லித்தான் அறிந்தேன். உடனே அவளுக்குப் போன் எடுத்து வாழ்த்தினேன். பிள்ளையின் அழுகை கேட்டது. பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்தாயிற்றா, ஏதும் சிக்கல் இருக்கிறதா என்று கேட்டேன். பிள்ளையின் அழுகையை அடக்கிவிட்டுச் சொன்னாள்.

"அதை நாங்கள் வெளி ஆக்களுக்குச் சொல்லுறேல்லை, அண்ணா."