ஒற்றை வரிக்கு எதற்கு அடைப்புக்குறி?

போன வருடம், ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சேர்ந்த புதிது. குழந்தைக்காக எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, அலைந்து திரிந்து பிடித்த வேலை. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவிக்கு சி மொழியில் புரோகிராம் எழுத வேண்டும். புரொபேஷனில் தேறாவிட்டால் மறுபடி வீடுதான்.

நான் எழுதுவதைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டியவள் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எதை அனுப்பினாலும் திருப்பி அனுப்புவாள். ஓடுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டால், "ஹவ் அக்கா, ஓடுது. படிச்சா புரியலையே!" என்பாள்; 'ஹவ்' என்றால் அந்த ஊர் உருதுவில் 'ஆமாம்'. சரியென்று வரிக்கு வரி விளக்கம் எழுதினேன். "நக்கோ அக்கா, இவ்ளோ நக்கோ" என்றாள்; இவ்வளவு வேண்டாமாம். புரோகிராமுக்குள் வைக்கும் பெயர்களைச் சுருக்கினால் புரியவில்லை, நீட்டினால் ரயில் மாதிரி போகிறது என்பாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடைப்புக்குறி விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வந்துவிட்டது. 'தொட்டி நிறைந்தால்' என்ற நிபந்தனைக்குக் கீழே 'மோட்டாரை நிறுத்து' என்று ஒரே வரி. ஒரு வரி மட்டும் என்றால் அடைப்புக்குறி இல்லாமலே சி மொழி புரிந்துகொள்ளும். ஆனாலும் போடச் சொன்னாள்.

"ஒத்த வரிக்கு எதுக்கும்மா இது?"

அவளுக்கும் அன்றைக்கு வேலை நெருக்கடி. "சரி, விடுங்கக்கா" என்று விட்டுவிட்டாள்.

வாடிக்கையாளர்களுக்குக் கருவியை ஓட்டிக் காட்ட வேண்டிய நாள். தொட்டி நிறைந்தால் மணியும் அடிக்க வேண்டும் என்று காலையில்தான் கேட்டிருக்கிறார்கள். நான் மகளை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்ததால், அவளே என் வரிக்கு நேர் கீழே 'மணி அடி' என்று இன்னொரு வரியைச் சேர்த்திருக்கிறாள். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் மணி வீல் என்று அலற ஆரம்பித்தது பாருங்கள்! தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஐயோ, போச்சு வேலை என்று அவள் பக்கத்தில் ஓடினேன். இரண்டு பேரும் திரையையே முறைத்துப் பார்த்தோம். இரண்டு வரியும் நிபந்தனைக்குக் கீழே ஒழுங்காகத்தானே நிற்கின்றன? எங்கே தப்பு? சட்டென்று அவள் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, மறுபடி கருவியில் ஏற்றினாள். சத்தம் நின்றது. அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டும் நிபந்தனையோடு சேர்ந்திருக்கிறது. மணி அடிப்பதற்கு நிபந்தனையே இல்லாமல் போய்விட்டது.

யார் செய்தது என்று மேனேஜர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், 'கடைசி வரியைச் சேர்த்தது நான்தான்' என்று அவள் தெலுங்கில் சொல்லி, திட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா என் பேரைச் சொல்லலை?"

"நீங்க எழுதினது சரியாத்தானே ஓடிச்சு, அக்கா?"

கேலி செய்தாளா, நிஜமாகவே சொன்னாளா, தெரியவில்லை. வேலை எனக்கு நிரந்தரமாகிவிட்டது. நான் எழுதியதும் ஓடியது, அவள் சேர்த்ததும் சரியான வரிதான். அப்புறம் தப்பு யாருடையது என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஒற்றை வரிக்கும் அடைப்புக்குறி போடுகிறேன்; எனக்குப் பின்னால் அவசரமாக வந்து அதைத் தொடப் போகிறவள், என்னால் திட்டு வாங்கக் கூடாதே!