மயில் அணி, ஒருத்தன் ஆஜர்

சாரணர் படையைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். அழுகை அதற்கப்புறம். இந்த வயதிலும் அப்படித்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரின் பெரிய பள்ளிக்கூடங்களில் எல்லாம் சாரணர் படை இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் டிரில் வாத்தியார் ஒன்று தொடங்கினார். படைக்குள் பல அணிகள். ஓர் அணிக்கு ஏழெட்டுப் பையன்கள், ஒரு தலைவன், ஒரு துணைத்தலைவன், ஒரு கொடி, ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரோ பறவையின் பெயரோ. முகாம் போனால் அணிக்கு ஓர் அடுப்பு, ஒரு சட்டி. கதர் கட்டிய பையன்கள் எங்களை 'வெள்ளைக்காரன் வால்' என்று கேலி செய்வார்கள். கடவுளுக்கும் மன்னருக்கும் கடமை செய்வேன் என்று மூன்று விரலைத் தூக்கிச் சொல்லவேண்டுமே, அதற்காக. மன்னர் எங்கே இருந்தால் எனக்கென்ன போச்சு? எனக்குப் பிடித்தது வேறொரு வரி. ஒவ்வொரு சாரணனும் மற்ற சாரணனுக்குச் சகோதரன் என்று விதியில் இருந்தது. அதை நான் நம்பித் தொலைத்தேன்.

நம்பினதற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஊருக்கு வெளியே, எங்கள் சாதிக்கென்று ஒதுக்கிய வளவில் குடியிருந்தவர்கள். அப்பா ஜின்னிங் பாக்டரியில் பஞ்சு மூட்டை தூக்கினார். அம்மா காட்டு வேலைக்குப் போவாள். சர்க்கார் உத்தரவால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அதுவும் கடைசி பெஞ்சில், தனியாக. மற்றவர்களெல்லாம் நிலபுலன் உள்ள பண்ணாடி வீட்டுப் பிள்ளைகள், மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள். அப்படி உட்கார்ந்திருந்தவனை டிரில் வாத்தியார் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் புலி அணியில் நிறுத்தினார். பாக்டரி வாட்ச்மேன் போட்டுக் கழித்த காக்கிச் சட்டையை அம்மா பிரித்து எனக்கு அளவாகத் தைத்துத் தந்தாள். அந்த விதியை அவளுக்கும் படித்துக் காட்டினேன். "நெசமாவா கண்ணு? சாதி கெடையாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அந்த வருஷம் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் முகாம். போத்தனூரில் ரயில் ஏறிப் போனோம். தோப்பு எங்கள் படையில் இருந்த ஒரு பையனின் பெரியப்பாவுடையது. முதல் நாள் மத்தியானம் புலி அணிச் சட்டியில் சோறும் பருப்பும் வெந்தது. நான் விறகு பொறுக்கினேன், கிணற்றில் தண்ணீர் இறைத்தேன், எல்லோரோடும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். எங்கள் வளவைத் தாண்டி யாரோடும் ஒரே சட்டிச் சோறு நான் தின்றதேயில்லை. உப்புக் கம்மி, பருப்பு அடிப்பிடித்திருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அது ஒன்றுமே தெரியவில்லை.

சாயங்காலம் தோப்புக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், பையன்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, நீ ஆரூட்டுப் பையன்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறவேயில்லை. வாத்தியாரை நாலு மரம் தள்ளிக் கூட்டிப் போனார். அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"ஏனுங்க வாத்தியாரே, பசங்க நம்ம தோப்புல தங்கறது நமக்குப் பெருமைதானுங்க. ஆனா அந்தப் பையன் கெணத்துல தண்ணி எறைக்கறதும், ஒரே சட்டியில திங்கறதும் வேண்டாமுங்க. நாளைக்கு நானும் நாலு பேரு மூஞ்சில முழிக்கோணுமில்லீங்க? தப்பா நெனச்சுக்காதீங்க."

எங்கள் சீமையில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தள்ளுவார்கள். வாத்தியார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கொடிக்கம்பத்தடியில் வாத்தியார் என்னை முன்னால் கூப்பிட்டார். சட்டைப் பையின்மேல் இரண்டு வெள்ளைப் பட்டைகளைக் குத்திவிட்டு, "இன்றிலிருந்து இவன் மயில் அணித் தலைவன்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சார், என் அணியில ஆரார் சார்?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்போதைக்கு நீ மட்டும்தாம்ப்பா. போகப் போக ஆள் சேரும்."

அவருக்கும் மனசு வலித்திருக்கும். வலித்து என்ன பிரயோஜனம்? என்னை வீட்டுக்கு அனுப்ப மனசில்லை, தோப்புக்காரரை எதிர்த்துப் பேசத் தைரியமில்லை. அதனால் எனக்குப் பதவி கொடுத்துவிட்டார்.

தோப்பின் கோடியில், வாய்க்கால் ஓரம், எனக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி. கொடி வணக்கத்தின்போது ஒவ்வொரு தலைவனும் ஓரடி முன்னால் வந்து கணக்குச் சொல்லவேண்டும். "புலி அணி, ஏழு பேர் ஆஜர், சார்." "கழுகு அணி, எட்டுப் பேர் ஆஜர், சார்." "மயில் அணி, ஒருத்தன் ஆஜர், சார்." முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள், அதுதான் கொடுமை. கயிறு இழுக்கும் போட்டியில் அணிக்கு அணி மோதின. மயில் அணி வேடிக்கை பார்த்தது. பொழுது சாய்ந்ததும் தீ மூட்டி அணி அணியாகப் பாடினார்கள். என் முறை வந்தபோது தனியாக எழுந்து நின்று பாடினேன். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புலி அணித் துணைத்தலைவன் மட்டும் ஒருமுறை என் அடுப்புப் பக்கம் வந்தான். ஓர் அச்சு வெல்லத்தைக் கல்மேல் வைத்தான். "எங்கப்பாருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சுப்போடுவாருடா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

கடைசி நாள் ஜில்லா கமிஷனர் முகாமைப் பார்வையிட வந்தார். சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்டி ஒவ்வொரு தலைவனோடும் கைகுலுக்கினார். என்னிடம் வந்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "புதுசா ஆரம்பிச்ச அணிங்க" என்றார் வாத்தியார். "சபாஷ்" என்று என் தோளைத் தட்டிவிட்டு அவர் அடுத்தவனிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் கண் நேராகச் சட்டைப் பைக்குத்தான் போனது.

"இதென்ன கண்ணு, வெள்ளையா ரெண்டு பட்டி?"

"தலைவன்னு அர்த்தம்மா."

அவ்வளவுதான், அவளைப் பிடிக்க முடியவில்லை. என்னை வளவில் வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனாள். "என்ற மவன் தலைவனாயிட்டானுங்க! பண்ணாடிமாரு பசங்களுக்கே தலைவனுங்க!" நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழம உன்ற அணிப் பசங்கள நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வா கண்ணு. சோறாக்கிப் போடறேன். வருவாங்களா?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

நெல்லுச் சோறு எங்கள் வீட்டில் நோம்பி, பண்டிகை நாளில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நெல்லுச் சோறு ஆக்கினாள். வளர்த்த சேவலை அடித்துக் குழம்பு வைத்தாள். வாசலைச் சாணி போட்டு மெழுகி, வாழை இலைகளை வரிசையாகப் போட்டாள். அப்பா துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "சின்னப் பண்ணாடிக வர்ற நேரமுங்க, நீங்க அக்கட்டால நில்லுங்க" என்று அம்மா அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவரும் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

வெயில் சாய்ந்தது. அம்மா இட்டேரிப் பாதை முனைவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுபடியும் போனாள். குழம்பை மறுபடியும் சுட வைத்தாள். அதற்குமேல் எனக்குத் தாங்க முடியவில்லை.

"ஆரும் வரமாட்டாங்கம்மா. என்ற அணியில ஆருமே இல்ல. நான் ஒருத்தன்தான். ஒதுக்கி வெக்கறதுக்குத்தான் என்னையத் தலைவனாக்குனாங்க."

அம்மா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். மற்ற இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். என் இலையை மட்டும் விட்டுவைத்து, "உக்காரு கண்ணு" என்று சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. விம்மி விம்மி அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே, வேப்பமரத்தடியில் நின்ற அப்பாவுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நாம சோறாக்கி வெச்சுக் காத்துட்டிருந்தோம்னு மட்டும் அங்க ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு."