டிம்ப்னாவின் நீலக்கயிறு

வயல் கேட்டைத் திறப்பதற்கு முன் டிம்ப்னா கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறாள். பிறகு மோதிரம், சாவிக்கொத்து, கொண்டை ஊசிகள். எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகின்றன. அவள் கால்சட்டையில் ஜிப் கிடையாது, கொக்கி கிடையாது. வைக்கோல் கட்டும் நீலக்கயிற்றால் இடுப்பில் இறுக்கி முடிந்திருப்பாள். ஐம்பதைத் தாண்டியவள், தொல்லியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் அவளை முதல் தடவை பார்க்கிறவர்கள், பாவம், உடுத்த வழியில்லாதவள் போல என்றுதான் நினைப்பார்கள்.

எல்லாம் அவள் தூக்கிக்கொண்டு நடக்கும் கருவிக்காக. தோண்டாமலே மண்ணுக்குள் இருப்பதைக் காந்தத்தால் மோப்பம் பிடிக்கிற கருவி அது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன் யாரோ பள்ளம் வெட்டி, அது தூர்ந்துபோயிருந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் அவள் மேல் ஒரு குண்டூசி இருந்தால் போச்சு, கருவி ஊசியைத்தான் பார்க்கும். அளவுக்கயிறு இழுத்துக் கட்டுகிற எனக்கும் அதே சட்டம்தான். நான் வேலையில் சேர்ந்த அன்று, "டோனல், பெல்ட்டக் கழட்டு!" என்று ஒரு அதட்டல் போட்டு, தன் கயிற்றில் ஒரு துண்டைக் கொடுத்தாள். அவள் கூட்டத்தில் சேர்ந்ததற்கு எனக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

நடக்கும்போது ஏதாவது பாட்டை முனகுவாள். தாளம் தப்பினால் அளவு தப்பும். மழை பெய்தால் நிறுத்தமாட்டாள். குறுக்கே ஆடு நின்றால், "நகரு ராசாத்தி, உனக்குப் புல்லு, எனக்குப் பொழப்பு" என்பாள். மத்தியானம் பன்றிக்கறி வைத்த ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கிப் போட்டு, நின்றபடியே தின்பாள். உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளுமாம்.

ஆறு வளைகிற இடத்தில் மாலக்கி பிரன்னிகனின் வயல் இருக்கிறது. அங்கே பூமி லேசாக முதுகு தூக்கியிருக்கும்; தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். டிம்ப்னா படுத்துப் பார்த்தவள். அந்தக் காலத்து ஜனங்கள் திரண்டு கூட, பள்ளமும் கரையுமாக வெட்டிய பெரிய வட்டம் ஒன்று அங்கே புதைந்திருக்கிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். யார் நம்பினார்கள்? கெஞ்சிக் கெஞ்சி இந்த வசந்தத்தில்தான் மாலக்கி இறங்கிவந்தார், அதுவும் ஒரே வாரத்துக்கு.

"திங்கக்கிழமை உருளைக்கிழங்குக்கு ஆழ உழப்போறேன், டாக்டரம்மா. அதுக்குள்ள அந்த வட்டத்துல தூங்குற உங்க ராசாவக் கண்டுபிடிச்சாச் சரி. இல்லன்னா கிழங்கோட கிழங்கா அவரும் மேல வரட்டும்!"

அவர் சிரித்தார். டிம்ப்னா சிரிக்கவில்லை. அந்தக் கலப்பை ஒருமுறை போனால், உள்ளே இருக்கிற வட்டம் தூள்தூளாகிவிடும்.

கருவி அளந்ததெல்லாம் சேர்ந்து வெள்ளிக்கிழமை கணினியில் படமாக வந்தது. வட்டமாவது, மண்ணாவது! வரிக்குதிரைத் தோல் மாதிரி வெறும் கோடுகள். டப்ளின் அலுவலகத்திலிருந்து போனில், ஒன்றுமில்லை, கிளம்பி வாருங்கள் என்றார்கள். வேலிக்கு அந்தப்புறமிருந்து மாலக்கி, "என்ன, ராசா வீட்ல இல்லியா?" என்று கேட்டார். நான் அளவுக்கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவளோ படத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"டோனல், ஆத்தப் பாத்துப் போறப்பக் கோடு கருப்பு, திரும்பி வர்றப்ப வெளுப்பு. போறதுக்கு ஒண்ணு வர்றதுக்கு ஒண்ணுன்னு மண்ணு மாறுமாய்யா? மாறுறது நான்தான். என் மேல ஏதோ இருக்கு."

அங்கேயே, அந்தக் குளிர்காற்றில், ஒவ்வொன்றாகக் கழற்றிக் கருவிக்கு முன்னால் காட்டினாள். பூட்ஸ், ஒன்றுமில்லை. கம்பளிச் சட்டை, ஒன்றுமில்லை. மேல்கோட்டைக் காட்டியதும் கருவி அலறியது. உள்துணிக்குள் ஓர் ஊக்கு. ஊக்கில் மாதாவின் சின்னப் பதக்கம்.

காவலுக்கென்று மாதாவைத் துணிக்குள் ஊக்கு குத்தி அனுப்பாத அக்கா அந்தப் பக்கம் உண்டா? டிம்ப்னா தங்கியிருந்தது மாலக்கியின் அக்கா கன்செப்டாவின் வீட்டில். விஷயம் கேட்டுக் கையில் ஈரத்துணியோடு ஓடிவந்தாள். "ஐயோ, நான்தாம்மா குத்துனேன்! என் தம்பி உன்ன நையாண்டி பண்றது பொறுக்கல. மாதா கூட நடந்தா கெடச்சிரும்னு நெனச்சேன்…"

நானாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். டிம்ப்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதக்கத்தைத் தனியே கருவிக்குக் காட்டினாள். அது இரும்பில்லை; கருவி கண்டுகொள்ளவே இல்லை. "மாதா மேல ஒரு குத்தமும் இல்ல கன்செப்டா, ஊக்குதான் துரோகி" என்று பதக்கத்தை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வயலை முதலிலிருந்து நடந்தோம். ஞாயிறு பூசை முடிந்து பாதி ஊர் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் காருக்குள் கணினியைத் திறந்தாள். வந்தது ஐயா வட்டம்! கருகருவென்று, முழுசாக, ஆற்றைப் பார்த்து ஒரு வாசலோடு. எங்கள் ஊர்க் கால்பந்துத் திடலை அப்படியே உள்ளே வைக்கலாம். டிம்ப்னா பூட்ஸ் காலோடு சேற்றில் குதித்தாள். நான் என்ன செய்தேன் என்று எனக்கே நினைவில்லை; தொப்பியை ஆற்றில் எறிந்தேன் என்கிறார்கள்.

மாலக்கி கார் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார். "இது… என் வயலா?"

"உங்க வயலேதான்."

"ஆத்துக்கு அந்தாண்ட வயலுக்காரன் டியூட், தன் நெலத்துல இருக்குன்னு பீத்திக்கிறானே ஒரு பழைய மேடு, அதவிடப் பெருசா?"

"அதத் தூக்கி இதுக்குள்ள வச்சாலும், சுத்தி மாடு மேய்க்க எடம் இருக்கும்."

மாலக்கி நிமிர்ந்தார். "அக்கா! கெழங்க நம்ம மேட்டு வயல்ல போட்டுக்கலாம். இங்க எவனாவது கலப்பையக் கொண்டாந்தான், காலை ஒடிச்சிருவேன்!"

திங்கட்கிழமை காலை கேட்டருகே கலப்பை இல்லை, மாலக்கி மட்டும் நின்றிருந்தார். டிம்ப்னா கொண்டை ஊசிகளை உருவி டப்பாவில் போட்டாள். அவரும் இரும்புக் கொக்கி வைத்த தன் பெல்ட்டை அவிழ்த்துச் சுருட்டி அதே டப்பாவில் வைத்துவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி, "இப்ப நான் உள்ள வரலாமா?" என்றார்.

டிம்ப்னா பையிலிருந்து நீலக்கயிற்றை எடுத்தாள். கத்தி ஏது? பல்லால் கடித்து, பாதியை அவரிடம் நீட்டினாள்.