எல்லாக் குழாயிலும் ஒருத்தி

என் மருமகளுக்கு எழுத்துக் கூட்டும் உத்தியோகம். சிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரத்தத்திலிருந்து மரபணுக்களை ஓர் இயந்திரம் துண்டு துண்டாக வாசித்துத் தள்ளும். நான்கே எழுத்துகள்தான்; ஆனால் கிழித்து வீசிய புத்தகம் மாதிரி வந்து விழும். கம்ப்யூட்டரில் அதை ஒட்டவைத்து, எங்கே பிழை, அது என்ன நோய் என்று இவள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டிவைப்பவள்தான், அங்கே ஓர் எழுத்து மாறினாலும் பிடித்துவிடுவாள்.

அவள் அறைக்கு ஜன்னல் கிடையாது. இயந்திரங்களுக்காக ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். மனிதர்கள் நடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு மதியம் அங்கே உட்கார்ந்து ஒரு சிறுமியின் ரத்தத்தை வாசித்தாள். ரத்தப் புற்றுநோயிலிருந்து தேறிய குழந்தை. நோய் திரும்பிவிட்டதா என்று பார்க்கும் சோதனை.

பிழை இருந்தது. துளியூண்டுதான், ஆனால் இருந்தது.

"அப்ப திரும்பிடுச்சா?" என்றார் டாக்டரம்மா. "மறுபடி மருந்து ஏத்தணும். இந்தத் தடவை அந்த உடம்பு தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

"நாளைக்குச் சொல்றேன் டாக்டர். என்னமோ உறுத்துது."

உறுத்தியது இதுதான். அந்த ரத்தத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். சிறுமிக்குப் பின்னால், கதவிடுக்கில் நிற்பவள் போல, இன்னொருத்தி. ஆணுக்கே உரிய எழுத்து ஒன்றுகூட இல்லாததால் பெண் என்று தெரிந்தது. யார் என்று தெரியவில்லை.

அடுத்து ஒரு கிழவரின் ரத்தத்தைத் திறந்தாள். அங்கேயும் அவளே நின்றாள். போன வாரம் வந்த கர்ப்பிணியின் ரத்தத்தில், அதே ஆள். அவள் நின்ற இடத்தில் எல்லாம் அந்தப் பிழையும் இருந்தது. அவள் இல்லாத சோதனைக் குழாயில் பிழையும் இல்லை. என் மருமகள் நாற்காலியைத் திருப்பிச் சுவரில் சாய்த்துப் போட்டுக்கொண்டாளாம்.

வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் வேரோடு முடி பிடுங்கி வாசித்து வைப்பது அங்கே வழக்கம். யாருடைய தும்மலாவது குழாயில் விழுந்தால் பிடிபட வேண்டுமே! குழாய்களில் நின்றவளை அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். யாரும் அவள் இல்லை. ஆனால் ஒருவரோடு பாதி ஒத்துப்போனது. கூடப் பிறந்தவர்கள் அப்படித்தான் ஒத்துப்போவார்கள்.

அந்த ஒருவர், குழாய்களைத் திறந்து மருந்து கலப்பவர். எந்நேரமும் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பதால் 'வண்டு' என்று பெயர். முகக்கவசம் எப்போதும் தாடையைத்தான் காத்துக்கொண்டிருக்கும்.

"அண்ணே, உங்களுக்கு அக்கா, தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருந்தா. ஏம்மா, சம்பந்தம் பேசப் போறியா? அவ செத்து ரொம்ப வருஷமாச்சு."

"அவங்க..." இவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் இங்க இருந்திருக்காங்கண்ணே."

வண்டின் முனகல் நின்றது. முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல எனக்கு ரத்தமே ஊறாம போச்சு. அக்காதான் எலும்பு மஜ்ஜை குடுத்தா. அதிலேர்ந்து எனக்குள்ள ஓடுறது அவ ரத்தம்."

முடி அவருடையது, ரத்தம் அக்காவுடையது. எச்சிலிலும் அந்த ரத்தத்தின் அணுக்கள்தான் மிதக்கும். முனகி முனகி, திறந்த குழாய்களுக்குள் அக்காவைத் தூவியிருக்கிறார் மனிதர்.

"அப்ப அந்தக் குழந்தைக்கு ஒண்ணுமில்லல்ல?" அதைத்தான் முதலில் கேட்டார்.

"வேற ஆள வச்சு மறுபடி எடுத்துப் பாக்கணும். ஒண்ணும் இருக்காதுண்ணே."

"அப்ப அந்தப் பிழை?"

இவள் ஊசியையும் ஒரு காலிக் குழாயையும் எடுத்து வைத்தாள். வண்டு சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். "எடு. அக்கா சும்மா வரமாட்டா."

குழந்தையின் புது ரத்தம் சுத்தமாக இருந்தது. வண்டின் ரத்தம் சுத்தமாக இல்லை; புற்றுநோய் தொடங்கியிருந்தது. சீக்கிரமே தெரிந்ததால் வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றினார்கள். பழைய ரத்தம் முழுக்கப் போய்விட்டதா என்று பார்ப்பது இவள் வேலை. ஒவ்வொரு தடவையும் படுக்கையிலிருந்து அவர் கேட்பார்: "அக்கா இருக்காளா?"

"கொஞ்சமா இருக்காங்கண்ணே."

ஒரு நாள் சொன்னாள்: "இல்லண்ணே." பிழைத்துக்கொண்ட மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது வேலைக்கு வந்துவிட்டார். முகக்கவசம் மூக்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆனால் முனகல் இல்லை. "எவ்வளவு யோசிச்சாலும் அந்தப் பாட்டு வரமாட்டேங்குதும்மா. அக்கா ரத்தம் ஏறின பிறகுதான் அது எனக்கு வந்துச்சு" என்கிறாராம்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நேற்று என் மருமகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே எதையோ முனகினாள். தாலாட்டுக்குக்கூட வாய் திறக்காதவள்.

"நல்லா இருக்கே. எங்க கத்துக்கிட்ட?"

"எதை, அத்தை?"

நான் அலமாரியைத் திறந்தேன். உப்பு, உப்பு டப்பாவில் இருந்தது. சர்க்கரை, சர்க்கரை டப்பாவில்.