சைனா முட்டை மாஸ்டர்

“கிண்டக் கூடாதுமே, தள்ளணும். முட்டைக்கு வலிக்கக் கூடாது” என்று மனைவி சின்னம்மாளிடம் சொல்லிக்கொண்டே ராஜவேலு வாணலியை இறக்கிவிடுவார். முட்டை பாதிதான் இறுகியிருக்கும். மீதியை வாணலிச் சூடே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

ஆரணியில் சாயப் பட்டறை வேலை. நகக்கண்ணில் எப்போதும் ஏதாவதொரு நிறம் ஒட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. மாதம் ஒரு ஞாயிறு சைனா முட்டை. முட்டையோடு கொஞ்சம் பால், கரைத்த அரரூட் மாவு, வேகவைத்து உதிர்த்த வயல் நண்டு. மெட்ராஸ் சைனா ஓட்டலில் விருந்து மேசைக்கு நீளத் தட்டில் வைப்பார்களாம். இங்கே நீளத் தட்டுக்கு எங்கே போவது? வாழையிலை நறுக்கில் குவித்து, உச்சியில் தக்காளித் தோலைச் சுருட்டி ஒரு ரோஜாப்பூ வைப்பார். யாராவது கை நீட்டினால், “பூவு துன்றதுக்கு இல்லப்பா, பாக்கறதுக்கு” என்பார்.

பக்கத்து வீட்டுக்காரனான எனக்கும் பங்கு உண்டு. முதல் தடவை, வேகாத முட்டை என்று பூனைக்கு வைக்கப் போனேன். இப்போது காலையிலேயே வாய் ஊறுகிறது. அந்த ஓட்டலில் மாஸ்டராக இருந்தேன் என்று அவர் சொன்னதை நான் சந்தேகப்பட்டதே இல்லை. மகள் கண்ணகிக்கு வரன் பேசியபோதும் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். “சைனாக்காரனே நம்ம கைய நம்பிக்கினு கெடந்தான்!”

போன மாதம் சம்பந்தி திருமலை, மருமகள் கண்ணகியையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார். போளூர் பஸ் ஸ்டாண்டில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். என்னையும் பந்தியில் உட்கார வைத்துத் தட்டு போட்டார்கள். அன்று முட்டை அருமையாக வந்திருந்தது. திருமலை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராஜவேலுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தன்னை மறந்துவிட்டார். நாங்கள் கை கழுவி வருவதற்குள் மிச்சத்தையெல்லாம் ஒரே தட்டில் வழித்துத் தள்ளி உள்ளங்கையில் ஏந்தி, மற்ற தட்டுகளை முழங்கை வரை வரிசையாக அடுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு சத்தம் இல்லை.

திருமலை சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தொழில் தெரிந்தவரின் சிரிப்பு. “இன்னா சம்பந்தி, இது அடுப்பாண்ட நின்ன கையில்லையே, டேபிள்ல எச்சித் தட்டு எடுத்த கையாச்சே! இப்பிடி ஒரு ஆளு கெடைக்காமத்தான் கடையில நான் பேஜார் பட்டுகினு இருக்கறேங்க.”

திருமலை வெள்ளந்தியாக அடுத்ததையும் கேட்டார். “டேபிள் எடுக்கறவனுக்கு இந்த முட்டையெல்லாம் யாருங்க குடுப்பாங்க? நீங்க எங்க சாப்ட்டுப் பாத்தீங்க?”

கேட்ட பிறகுதான் பதில் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் கண்களெல்லாம் ராஜவேலுவின் உள்ளங்கையில் இருந்த தட்டுக்கு, அதிலிருந்த எச்சில் முட்டைக்குப் போய்விட்டன. பார்த்திருக்கக் கூடாது.

“அப்ப... பசிங்க” என்றார் ராஜவேலு.

கண்ணகி எழுந்து வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், எச்சில் தட்டை முதலில் வாங்கினாள். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். கடைசித் தட்டும் போன பிறகும், அவர் அந்தக் கையை மடக்கியபடியே நின்றுகொண்டிருந்தார்.