தம்பி கொண்டுவந்த புட்டி

ஊசி மருந்து அடைத்து வரும் சின்னக் கண்ணாடிப் புட்டி அது. ரப்பர் மூடி. உள்ளே, தண்ணீர் கலந்த பால்போல ஏதோ ஒன்று. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சாரல் காலத்தில், சென்னையில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்த என் தம்பி அதை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துத் தென்காசிக்குக் கொண்டுவந்தான். கோயில் பிரசாதத்துக்குக்கூட அம்மா இரண்டு கையையும் அப்படி நீட்டி நான் பார்த்ததில்லை.

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். புனலூர்ப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தேன், மரமில்லில் இருந்தேன், எங்கேயும் கால் தரிக்கவில்லை. சாரல் சீசனுக்கு மட்டும் திரும்பி வந்து, ஐந்தருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். அம்மாவுக்கு அது பெரிய தலைகுனிவு. கண்டவன் முதுகைத் தடவிய கை என்று, நான் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்குவாள். அந்த வருஷம் முழங்கால் வீங்கி அவள் எழ முடியாமல் கிடந்தபோது, தேய்த்துவிடட்டுமா என்று கேட்டேன். "மேல கைய வச்சே, பாத்துக்க" என்றாள். ஊரார் கால்களெல்லாம் என் கைக்கு வந்தன. அவள் கால் வரவில்லை.

தம்பி கூடத்தில் உட்கார்ந்து விளக்கினான். முட்டை மஞ்சள் கருவிலிருந்து கொழுப்பைப் பிரித்து, குடுவையின் உட்புறம் மெல்லிய ஏடாகக் காயவைத்து, தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அது கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாகச் சுருண்டுகொள்ளுமாம். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் தோலும் கொழுப்புதான். தனியாகப் போகும் மருந்தை வாசலிலேயே நிறுத்திவிடும் செல், அதே மருந்து குமிழிக்குள் உட்கார்ந்து போனால் சொந்தக்காரன் என்று உள்ளே விட்டுவிடும்.

"இப்ப மருந்த வச்சு அனுப்பிப் பாக்குதோம்ணே. ஒருநாள் ஜீனையே இதுல ஏத்தி அனுப்பலாம்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. எல்லாம் புரிந்தவள்போல அம்மா தலையாட்டியதுதான் பொறுக்கவில்லை.

"முட்டையா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி மூக்கைச் சுளித்தாள்.

"எம்புள்ள கைபட்டா அது சைவந்தான்" என்றாள் அம்மா. உடனே காலைக் காட்டினாள். "இங்கன போடுலே."

"இது சும்மா காட்டக் கொண்டாந்ததும்மா. உள்ள மருந்தே கிடையாது. வெறும் வண்டி, ஆள் ஏறல."

"நீ செஞ்சதுல்லா? போதும்."

மறுநாள் ரயிலேறும் முன் அவன் புட்டியை என் கையில் திணித்தான். "நீயே தடவிவிடுண்ணே. கெடுதல் ஒண்ணும் இல்ல." அம்மா மறுக்கவில்லை. சேலையை ஒதுக்கி, என் பக்கம் காலை நீட்டினாள்.

இருந்தது இரண்டு தடவைக்குத்தான் வந்தது. அப்புறம் என் எண்ணெயையே அந்தப் புட்டியில் ஊற்றி, அதிலிருந்து எடுத்துத் தேய்த்தேன். காலையில் அருவிக்கரையில் முதுகுகள், சாயங்காலம் இந்தக் கால். சாரல் ஓய்வதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. அம்மா விசுவநாதர் கோயில்வரை நடந்தாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "எளையவன் மருந்துல்லா!" என்றாள். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "அது என் எண்ணெய். தேய்ச்சது நான். எதுக்கெடுத்தாலும் அவன் பேரச் சொல்லுதியே?"

அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அஞ்சருவி எண்ணெ வாசம் எனக்குத் தெரியாதாலே? ஒங்கிட்ட கால நீட்ட எனக்கு ஒரு சாக்கு வேண்டாமா?"

அதைக் கேட்டும் என் எரிச்சல் அடங்கவில்லை. என் கை அவளிடம் போய்ச் சேர்வதற்கும் அவன் வண்டிதானே வேண்டியிருந்தது.

அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. அந்தக் குமிழிகளில் இப்போது நிஜமாகவே மருந்தை ஏற்றி ஆஸ்பத்திரியில் போடுகிறார்களாம். போன மாதம் வந்திருந்தபோது தம்பி சொன்னான், சொல்லும்போது முகத்தில் அதே வெளிச்சம். என் அலமாரியில் புட்டியைப் பார்த்துவிட்டான்.

"இத இன்னுமா வச்சிருக்கே? நான் எடுத்துக்கிடட்டுமாண்ணே?"

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான். "ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தான். அம்மா சொன்ன பதிலை அவனிடம் நான் சொல்லவில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.